நூற்றுப் பதினெட்டுப் பேர்

நீங்கள் தினமும் ஏறி இறங்கும் ரயில் நிலையத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நம் நிலையத்தை எந்த அதிகாரியும் கொண்டுவரவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு சிக்னல் கம்பம் மட்டுமே இருந்தது. வண்டி அங்கே தயங்கும்போது ஆலைத் தொழிலாளர்கள் சரளைக்கல்லில் குதிப்பார்கள். இருவருக்குக் கால் போன பிறகுதான் நடைமேடை வந்தது. பிறகு தகரக் கூரை. பிறகு ஒற்றைச் சன்னல் வைத்த டிக்கெட் அறை.

அந்தச் சன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டுகளாக இருப்பவர் டிக்கெட் அக்கா. சென்ற மாதம் அவர் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நாளொன்றுக்கு முந்நூறு பேர்கூடப் பயணம் செய்யாத நிலையங்கள் மூடப்படுமாம். நம் நிலையத்தின் எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டு. காலை ஆறு நாற்பது வண்டிக்கு மட்டும் நானூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் மேடை அது.

ஸ்டேஷன் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "என்னம்மா பண்றது, இந்த ஸ்டேஷனுக்கு ராசி இல்ல."

எண்ணத் தெரியாதவர்கள் கிரகத்தின் மேல் பழி போடுவார்கள். ஆனால் எண்ணிக்கை குறைந்த காரணம் அக்காவுக்குத் தெரியும்.

மாதத்தின் முதல் நாள் பாஸ் வாங்க அந்த ஒற்றைச் சன்னலில் வரிசை வாசலைத் தாண்டும். வண்டியைத் தவறவிட்டவர்களுக்கு ஆலையில் அரை நாள் கூலி போகும். இரண்டாவது சன்னல் கேட்டு அக்கா எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் அவரே எல்லோரிடமும் சொன்னார்: "அடுத்த ஜங்ஷன்ல பாஸ் எடுத்துக்கோங்க. அதே கட்டணம்தான், இங்கயும் செல்லும்." கூலி தப்பியது. ஆனால் பாஸ் விற்ற இடத்தில்தான் பயணியும் ஏறினார் என்று எழுதிக்கொண்டது இலாகா.

எண்ணிக்கை குறைந்தது தன்னால்தான் என்று வீட்டில் தம்பியிடம் மட்டும் சொன்னார். அவன் லேத் பட்டறையில் வேலை செய்பவன். நசுங்கிய இடது காலை இழுத்து நடப்பவன்.

"வாயத் திறக்காதக்கா. நீயா போய்த் தலையக் குடுக்காத."

"மூடிட்டா நீ எப்படிடா போவ?"

"ஜங்ஷனுக்கு நடைதான். அஞ்சு கிலோமீட்டர். தொப்பை குறையும்."

அவன் சிரித்தான். அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அடுத்த ஒன்பது நாளும் மேசைத் தொலைபேசி மணியடித்தால் எண்ணிக்கொண்டிருந்த பணத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார். சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். பத்தாம் நாள் நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி மாஸ்டரிடம் நீட்டினார்.

"இது மேல போச்சுன்னா உனக்கு விசாரணை வரும்மா."

"வரட்டும் சார். அப்பவாவது யாராச்சும் வந்து தலைய எண்ணுவாங்கல்ல?"

எண்ண எவரும் வரவில்லை. அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூடவே ஒரு வரி: ஊழியர் சொல் சாட்சியாகாது, பயணிகள் எழுதித் தந்தால் பரிசீலிக்கப்படும், கடைசி நாள் இருபத்தைந்து.

இன்று பதினெட்டாம் தேதி. இதுவரை வந்தவை முப்பத்தொரு கடிதங்கள். அனுதாபப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். எந்த வண்டியில் ஏறுகிறீர்கள், பாஸை எங்கே வாங்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்திட்டு, நாளைக் காலை வண்டி ஏறுமுன் மாஸ்டர் அறையில் கொடுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் எழுதச் சொல்லுங்கள்.