கரி அழிக்கும் பிரெட்

நான் பேயைப் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்த்தது கிடையாது.

பனி கொட்டும் வடக்கு ஊர் ஒன்றில், பழைய கலைப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தேன். பெயர் வேண்டாம். முதலாண்டு முழுக்க ஒரே பாடம்தான். பிளாஸ்டர் சிலைத் தலைகளைக் கரித்துண்டால் வரைவது. தப்பாக விழுந்த கரியை ரப்பரால் தேய்த்தால் காகிதம் கெட்டுவிடும். பிரெட்டின் நடுப்பகுதியைப் பிய்த்து, உருட்டி, ஒற்றி எடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான். கறுத்துப்போன உருண்டைகளைக் காலடியில் போட்டுவிடுவோம்.

அது ஜனவரி. மறுநாள் எங்கள் ஆசிரியர் குசகாரி சார் ஓவியங்களை மதிப்பிட வருகிறார். இந்த முறையும் தேறாவிட்டால் என் தோழி மீவாவுக்கு ஒரு வருடம் போய்விடும். வகுப்பு முடிந்தும் அவளுக்குத் துணையாக இருந்தேன். மணி நாலரைதான். அதற்குள் இருட்டிவிட்டது.

"ஏய் ஒகிதா, என் பிரெட்டைத் தின்னுட்டியாடி?" என்றாள் என்னிடம்.

"உன் கரிக் கை பட்ட பிரெட்டை எவ தின்பா?"

"அப்போ எலிக்குத்தான் விருந்து."

சிரித்தோம். குனிந்து பார்த்தேன். தரை துடைத்தாற்போல் இருந்தது. காலையிலிருந்து நாங்கள் போட்ட கறுப்பு உருண்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம்...

எலி கரியைத் தின்னுமா?

சிலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். மெல்லும் சத்தம். ஈரமாக. அவசரமாக.

நின்றது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் பலகைத் தரை கிறீச்சிட்டது. வரையும்போது ஆசிரியர்கள் வந்து நின்று பார்ப்பார்களே, அப்படி யாரோ நின்றார்கள். என் கழுத்தில் மூச்சு பட்டது. சில்லென்று...

"இன்னும் இருக்கா?"

மெல்லிய குரல்.

மீவா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லடி. தீர்ந்துபோச்சு."

அதைக் கேட்டது நான் இல்லை.

நான் வாயே திறக்கவில்லை...

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரித்துண்டு விழுந்தது.

ஓடினோம்.

மறுநாள் மீவா தேறிவிட்டாள். அன்றைக்கே அவளுக்குப் பசி ஆரம்பித்தது. சோறு, மீன், நூடுல்ஸ், கிடைத்ததையெல்லாம் தின்றாள். தின்னத் தின்ன இளைத்தாள். டாக்டர்கள் என்னென்னவோ சோதித்துவிட்டு, வியாதியே இல்லை என்றார்கள். பனி உருகத் தொடங்கியபோது போய்ச் சேர்ந்தாள். எரித்த பிறகு, எங்கள் வழக்கப்படி, அவள் வீட்டாரோடு நானும் குச்சிகளால் எலும்பு பொறுக்கினேன். குச்சியில் கனமே தெரியவில்லை.

தகன மண்டபத்துக்கு வெளியே குசகாரி சார் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

போர் முடிந்த குளிர்காலத்தில் ஊரே பட்டினியாம். வரைவதற்கென்று மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் பிரெட் வந்ததாம். அந்த அறையில் ஒரு மாணவன் ஒவ்வொருவரிடமும் போய் அதையே கேட்டிருக்கிறான். எல்லோரும் இல்லை என்றார்கள். அவர்களுக்கும் வரைய வேண்டுமே. காலையில் சிலைகளுக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தான்.

"அதுக்கப்புறம் அங்க அவன்கிட்ட இல்லைன்னு சொன்னவங்க யாரும் உயிரோட தங்கலைம்மா."

"இருக்குன்னு எடுத்துக் கொடுத்திருந்தா, சார்? மீவா பிழைச்சிருப்பாளா?"



"நான் அங்க படிச்சப்போ, எங்க வகுப்புல ஒருத்தி முழு பிரெட்டையும் எடுத்து அவன்கிட்ட நீட்டினா. அவதான் எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேர்ந்தா."