சம்பந்திக்குக் கொடுத்த ஜன்னல் சீட்டு

காலை நாலரை மணிக்கு ஊத்துக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. விமான நிலையம் வரைக்கும் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், டோல் தனி. லண்டனில் இருக்கும் என் மகள் லலிதாவுக்குத் தலைப் பிரசவம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நானும், மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா ரமணம்மாவும் கிளம்பினோம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் தங்கை மகள் சுமதி. "நீ பேசுற மாதிரியே போட்டா யாரும் படிக்க மாட்டாங்க பெரிம்மா, நான் சரி பண்ணிக்கினு எழுதறேன்" என்றாள். பண்ணட்டும். யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எழுத்துதான் தெரியாதே தவிர நம்பர் தெரியும். நம்பர் தெரியாமல் ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் பிழைக்க முடியுமா? திருவள்ளூர் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டு பிடிக்கிறவள் நான். பஸ் நின்ற பிறகு ஏறுகிறவர்களுக்கு நிற்கத்தான் இடம். எந்த சீட்டு நல்ல சீட்டு என்று என்னைக் கேளுங்கள். சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் இடுப்பு போகும். கடைசி வரிசையில் தூக்கித் தூக்கிப் போடும். முன்னால் இஞ்சின் சூடு. நடுவில், ஜன்னல் ஓரம், அதுதான் ராஜ சீட்டு. காற்று வரும், வேர்க்கடலை வாங்கலாம், குமட்டினால் வெளியே தலையை நீட்டலாம்.

ஒரு வாரத்துக்கு முன் மாப்பிள்ளை பிரகாஷ் விமானத்தின் படத்தை போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "அத்தே, பச்சையா இருக்கறதெல்லாம் காலி. உங்களுக்கு எது வேணுமோ சொல்லுங்க, எடுத்துடறேன்." ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்று சீட்டாகக் கட்டம் கட்டமாக இருந்தது. முன்னாலிருந்து விரலை வைத்து எண்ணினேன். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். நடு மத்தியில் இருபத்து நாலாவது வரிசை. ஜன்னல் சம்பந்தியம்மாவுக்கு, பக்கத்து சீட்டு எனக்கு. சீட்டை நாமே எடுப்பதற்கு ஆளுக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய் கூடுதல். "பரவால்ல மாப்ள, போடுங்க" என்றேன்.

ஜன்னலில் உட்கார எனக்கும் ஆசைதான். கொள்ளை ஆசை. ஆனால் அதை ரமணம்மாவுக்குக் கொடுக்க ஒரு காரணம் இருந்தது.

லலிதா கல்யாணத்தில் நடந்தது அது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஜனத்துக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று அவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டேன். ரமணம்மா சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தால் ஒரு இலைகூடக் காலி இல்லை. வாசல் ஓரமாக நின்றார். அவருடைய அண்ணன்தான் மண்டபம் இடிகிற மாதிரி கத்தினார். "சம்பந்திய நிக்க வச்சு சோறு போடுற ஊடா இது?" அந்தச் சத்தம் ஒன்பது வருஷமாக என் காதில் இருந்தது. விமானத்திலாவது அவரை நல்ல இடத்தில் உட்கார வைத்து அதைக் கழுவிவிட வேண்டும் என்று எண்ணம்.

பெரியபாளையம், கவரப்பேட்டை வழியாக முப்பது கிலோமீட்டர் சுற்றி, ரமணம்மாவை ஏற்றிக்கொள்ளக் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். டிரைவர் குமரன் வாரத்துக்கு நாலு தடவை விமான நிலையத்துக்கு ஆள் கொண்டுபோகிறவர். சீட்டுக் கதையை அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க ஆயா. பத்து மணி நேரத்து பிளைட்டுக்கு நடைபாதை ஓரம்தான் பெஸ்ட்டு. எழுந்தோமா, போனோமான்னு இருக்கும். ஜன்னல்னா உள்ள மாட்டிக்கினு பேஜாரு."

"நீ இன்னா நைனா, ஏறி ஒக்காந்து பாத்துக்கீறியா?"

"நான் எங்க ஆயா ஏறினேன்? எறக்கி வுடறவங்க சொல்றததான் சொல்றேன்."

"அப்ப வண்டிய ஓட்டு."

ஐந்தரை மணிக்கு சிப்காட் வந்துவிட்டோம். இரும்பு ஆலைப் புகை அடிவானத்தில் படிந்திருந்தது. ஷிப்டு முடிந்த வடக்கத்திக்காரர்கள் டீக்கடையில் நின்றபடியே நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தார்கள். பைபாஸ் ஓரத்தில் ரமணம்மா தயாராக நின்றார். பெட்டி ஒன்று. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் வெளுத்துப் போன நூல் புடவை, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது.

"பிரகாசு பொறந்தப்ப இதுலதான் சுத்தி வாங்கினாங்க எங்க மாமியா. அவன் சொல்லிட்டான் சம்பந்தி, 'மொதல்ல நீதாம்மா வாங்கணும், அந்தப் பொடவையில'ன்னு." பெட்டியில் போடச் சொன்னேன். கேட்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஏழரை மணி. விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் நம் ஊர்ப் பெண். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஜன்னல், நடுன்னு இருக்கு. நடைபாதை ஓரம் ரெண்டு காலியா இருக்கு, மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டாள். ரமணம்மா வாயைத் திறந்தார். "எனக்கு எதுன்னாலும்..."

நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் வேணாம்மா. எங்க சம்பந்திக்குன்னு காசு குட்த்து எடுத்த சீட்டு."

ரமணம்மா வாயை மூடிக்கொண்டார். அந்த வாயை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு விமானம் கிளம்பியது. நடைபாதை ஓரத்தில் நெல்லூர்க்காரர் ஒருவர், நல்ல பருத்த உடம்பு. தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசினேன், சந்தோஷப்பட்டார், கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். விமானம் தூக்கியபோது என் வயிறு ஊஞ்சல் மாதிரி போய் வந்தது, நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரமணம்மாவின் தோள் வழியாக எட்டிப் பார்த்தால் வெளியே வானமும் இல்லை, ஊரும் இல்லை. பெரிய இறக்கைதான் தகர ஷெட்டுக் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரமும் வேண்டாம் கடைசியும் வேண்டாம் என்று எண்ணி எண்ணி எடுத்தேனே, இறக்கைக்கு நேராக எடுத்திருக்கிறேன்.

"இன்னா சம்பந்தி தெரியுது?"

"றெக்க தெரியுது. நல்லா கீது சம்பந்தி" என்றார்.

பதினொன்றரைக்குச் சாப்பாடு வந்தது. தட்டே கைக்குட்டை அளவுதான். அதற்குள் சோறு, பருப்பு, ஒரு பன், வெண்ணெய், ஒரு துண்டு கேக். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு ஸ்பூனைக்கூடத் துடைத்து வைத்துக்கொண்டேன், அப்புறம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரமணம்மா இரண்டு வாய் சோறு சாப்பிட்டார். தண்ணீர் வேண்டாம் என்றார். காபி வேண்டாம், ஜூஸ் வேண்டாம். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, மாத்திரை போடுகிறவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப மரியாதை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நான் மூன்று தடவை எழுந்து போனேன். ஒவ்வொரு தடவையும் நெல்லூர்க்காரரைத் தட்டி எழுப்ப வேண்டும். அவரும் "பரவாலேது அம்மா" என்று முனகிக்கொண்டே எழுந்து நிற்பார். மூன்றாவது தடவை திரும்பி வந்து உட்கார்ந்து, சத்தமாகவே சொன்னேன்: "உங்களுக்கின்னா சம்பந்தி, ராஜாத்தி மாதிரி ஒக்காந்துக்கினு வரீங்க. என்ன மாதிரி ஊரானை எழுப்பிக்கினு, அல்லாடிக்கினு இருக்கணுமா?"

அவர் சிரித்தார். புடவைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். முன்னால் இருந்த டிவியில் சின்ன விமானம் ஒன்று அரபு நாட்டுக்கு மேலே எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நானும் தூங்கிப்போனேன்.

லண்டன் நேரப்படி சாயங்காலம் நாலே காலுக்கு இறங்கினோம். நம் ஊரில் அப்போது இரவு ஒன்பது ஆகப் போகிறது. மொத்தம் பத்தே முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் ரமணம்மா எழுந்திருக்கவே இல்லை. இறங்கும்போது கால் ஊன்ற முடியவில்லை, சக்கர நாற்காலி கேட்டோம். மறுநாள் காலையில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி, கிருமி ஏறிவிட்டது என்றார்கள். சர்க்கரை வேறு எகிறிவிட்டது. படுக்க வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் லலிதாவுக்கு வலி வந்தது. ஒரு வாரம் முந்திக்கொண்டது. காலை பதினொரு மணிக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ. அதே ஆஸ்பத்திரி, ரமணம்மா இரண்டு மாடி மேலே. காய்ச்சல் இறங்கும்வரை குழந்தையின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மேலே ஓடினேன். செய்தியைச் சொன்னேன். தலைமாட்டில் இருந்த துணிப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சுத்தி வாங்குங்க சம்பந்தி. போங்க, கொய்ந்த காத்துக்கினு கீது."

"ஏன் சொல்லல சம்பந்தி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எழுந்து வழி வுட்டிருக்க மாட்டேனா?"

"எப்டி சொல்றது? எனக்குன்னு அவ்ளோ ஆசையா பாத்து எடுத்தீங்க. போயும் போயும் இதுக்கா எழுந்துக்கினு, அந்த ஆம்பளய எழுப்பிக்கினு..." சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "கல்யாணத்துல நின்னத நான் அன்னிக்கே மறந்துட்டேன். எங்க அண்ணன்தான் கத்தினான்."

பேத்தியை அந்தப் புடவையில் நான்தான் வாங்கினேன். பிரகாஷ் போனில் படம் எடுத்து மேலே அனுப்பினார். என்ன அழகு தெரியுமா, மூக்கு அப்படியே ரமணம்மாவுடையது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை மட்டும் கூசியது. ஆறாம் நாள்தான் ரமணம்மா குழந்தையைக் கையில் வாங்கினார். அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், லலிதாவின் சிநேகிதிகள் என்று எட்டுப் பேர் தூக்கியாகிவிட்டது.

மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினோம். சீட்டு எடுப்பதற்காக மாப்பிள்ளை மறுபடி அந்தக் கட்டப் படத்தைக் கொண்டுவந்தார். நான் விரலை வைக்கவில்லை. போனை ரமணம்மாவிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு எது வேணும் சம்பந்தி?"

"நடபாத ஓரம்" என்றார், உடனே.

இரண்டே வார்த்தை. போகும்போது இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது வருஷமாக அவருக்கு என்ன செய்யலாம் என்று நானேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் எனக்குக் கிடைத்தது. இந்தத் தடவை இறக்கைக்கு ரொம்பப் பின்னால், வெளியே எல்லாம் தெரிந்தது. கீழே பஞ்சுப் பொதி மாதிரி மேகம், அதற்கும் கீழே கடல். எவ்வளவோ ஆசைப்பட்ட சீட்டு. கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். ரமணம்மா ஒரு டம்ளர் வாங்கி முழுதாகக் குடித்தார். டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார். நான் ஜன்னலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.