ரோம் சயாமாவும் ஓரத்து வளைவும்

போன மழைக்காலத்தில், ரங்கூனில் பபேடான் பகுதியில் நான் குடியிருந்த பழைய கட்டடத்தில் நடந்தது இது. ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். 'எங்கள் வீட்டில்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான்.

ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் தெருவில் எல்லோருக்கும் நான் 'சயாமா'. பர்மியத்தில் டீச்சரம்மா என்று பொருள். மகள் போகும்போது தன்னுடைய பழைய டேப்லெட்டைக் கொடுத்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் ஏதாவது பாருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். சமையல் வீடியோ தேடப் போய் ரோமாபுரிக் கட்டடங்களில் விழுந்தேன். விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

என்ன கட்டடங்கள் அவை! சுண்ணாம்பில் எரிமலைச் சாம்பலைக் கலந்து காரை போட்டிருக்கிறார்கள். உச்சியில் வட்டமாகத் திறந்துவிட்ட ஒரு குவிமாடம் இன்றும் நிற்கிறது. வளைவு என்றால், மரச்சாரம் கட்டி, அதன்மேல் கல்லை அடுக்கி, கடைசிக் கல்லைச் செருகியதும் சாரத்தை உருவிவிடுவார்கள். பிறகு யார் தாங்கலும் இல்லாமல் வளைவு தானாக நிற்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பேன்.

பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். நான் ஆரம்பித்ததும் "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அதனால் தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். முனை டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரருக்கு அவசரமாக போன் வரும், மணி அடிக்காமலேயே. 'ரோம் சயாமா' என்று எனக்குப் பெயர் வைத்திருந்தது தெரியும். கோபம் வரும். ஆனாலும் மறுநாள் போய் உட்காருவேன். வேறு எங்கே போவது?

எங்கள் கட்டடத்தின் முகப்பில் செங்கல்லால் கட்டிய மூன்று வளைவுகள் உண்டு. முதல் வளைவுக்குள் மாடிப்படி. மூன்றாவதில், ஓரத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் தமிழ் பாய், நல்ல மனிதர். கடைக்கு நேர் மேலே முதல் மாடியில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. கணவன் கப்பலில் வேலை. அதற்கும் மேலே நான்.

பாய்க்குக் கண்ணாடி அலமாரி வைக்க இடம் போதவில்லை. ஓரத்துத் தூணைக் குடைந்து மாடம் மாதிரி ஆக்க ஆள் வைத்தார். உளிச்சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனேன்.

வளைவு பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். ஏணியைச் சுவரில் சாய்த்தால் அடி வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கிறதே, அப்படித்தான். வரிசையாக நிற்கும் வளைவுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். ஓரத்து வளைவுக்கு ஓரத்துத் தூண்தான் கதி. ரோமர்கள் அந்தத் தூணைப் பருமனாக வைத்தது அழகுக்காக இல்லை. இதை நான் பாயிடம் இப்படிச் சொல்லியிருக்கலாம். நான் எங்கே சொன்னேன்? மலைகளைத் தாண்டித் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயில் ஆரம்பித்து, குவிமாடத்தைச் சுற்றி, அவருடைய தூணுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பேர் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாத்துக்கலாம் டீச்சரம்மா. வெள்ளக்காரன் கட்டுன கட்டடம், ஒண்ணும் ஆவாது" என்றார், சில்லறை கொடுத்துக்கொண்டே.

மறுநாளும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ரோஷம் வந்து, அதற்கப்புறம் கடைப்பக்கம் திரும்பாமலே போக வர இருந்தேன்.

மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகல். ரொட்டி வாங்க இறங்கினேன். பாய் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். தூணைக் குடைகிற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றாவது வளைவின் கீழே ஒதுங்கிக் குடையை விரிக்கும்போது தோளில் ஏதோ உதிர்ந்தது. தட்டினேன். கை சிவப்பானது, செங்கல் தூள். நிமிர்ந்து பார்த்தேன். வளைவின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நடுச்செங்கற்கள் இரண்டு கீழே நழுவியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தூள் விழுந்தது.

அதற்கு நேர் மேலேதான் அந்தப் பெண்ணும் குழந்தையும்.

படியேறி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது என் முழங்காலுக்கு நான் கொடுக்கும் மரியாதை. அவள் கதவைப் படபடவென்று தட்டினேன். கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

மறந்துபோகவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். அவளை நிறுத்தி வைத்துக் குவிமாடத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு அவள் கேட்டிருக்கிறாள். எந்த அரசன் எந்த மண்டபத்தைக் கட்டினான் என்று எனக்கு மனப்பாடம். இவள் பெயரை நான் கேட்டதே இல்லை. அந்த நிமிடத்தில் பயத்தைவிட வெட்கம்தான் என்னை அதிகம் சுட்டது.

"யம்மா! பிள்ளையத் தூக்கு. வெளிய வா!" என்று கத்தினேன்.

"கதவு மயபூ, சயாமா! தொறக்க மாட்டேங்குது. காலையிலேருந்து இடிக்குது" என்றாள் உள்ளேயிருந்து.

நிலை சாய்ந்து கதவைக் கவ்வியிருந்தது. அவள் இழுக்க, நான் தோளால் முட்ட, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத் திறந்தது. முதலில் குழந்தை என் கைக்கு வந்தது, தூக்கக் கலக்கத்தில், சூடாக. பிறகு அவள், தாலிச் சங்கிலி கதவில் மாட்டிக்கொள்ள, அதைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது. இறங்கித் தெருவைத் தாண்டி மழையில் நின்றோம்.

அப்போது பாய் தொழுகை முடிந்து வந்தார். எங்களைக் கவனிக்காமல் கடைக்கதவைத் தூக்கக் குனியப் போனார். நான் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடி அவர் கையைப் பிடித்தேன். ஜென்மத்தில் அவரைத் தொட்டதில்லை.

"போவாதீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. என்னோடு தெருவைத் தாண்டி வந்தார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்றாவது வளைவின் நடுப்பகுதி கொத்தாக விழுந்தது. முதல் மாடி பால்கனி பின்னாலேயே சரிந்து கடை வாசலில் இறங்கியது. தூசியை மழை உடனே அடக்கிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

டீக்கடைக்காரர் எங்களை உள்ளே உட்காரவைத்துச் சூடாக டீ கொடுத்தார். பாய் தலை குனிந்தபடியே இருந்தார். "அல்லா காப்பாத்துனான். நீங்க சொன்னத நான் கேக்கல டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "சயாமா எப்பவும் ரோம் சொல்லுவாங்க. இன்னிக்கி ரோம் சொல்லல. அதான் எனக்கு ரொம்பப் பயம் வந்திச்சு."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன், மழை நனைத்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதே சிரிப்போடு சிரிப்பாக, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். குழந்தையின் பெயரையும் சொன்னாள். குழந்தைக்கு அவளுடைய இறந்துபோன அம்மாவின் பெயர். பிரசவத்துக்குக்கூடத் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் மேல்மாடியில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேனோ!

என்ஜினீயர் வந்து பார்த்து, மீதி இரண்டு வளைவுகளுக்கும் முட்டுக் கொடுக்கச் சொன்னார். எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார். அந்த வாரமே கலைந்தோம். அவள் கியாக்தானில் கணவன் வீட்டாரோடு இருக்கப் போனாள். பாய் வேறு தெருவில் கடை பிடித்தார். எனக்குத் தின்கன்ஜூனில் ஒரு புதுக் கட்டடத்தில் அறை கிடைத்தது. சதுரமான ஜன்னல், சதுரமான கதவு, எங்கும் வளைவே இல்லை. இங்கே என்னைக் கேலி செய்யவும் ஆளில்லை. என்னைப் பார்த்து எழுந்து ஓடியவர்களையெல்லாம் இப்போது தேடுகிறேன்.

குடிவந்த அன்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பர்மாக்கார அம்மாள் திறந்தார். அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். சயாமா என்று சொல்லாமல், என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்களுக்குள் பெரிதாகப் பேச்சு ஒன்றும் இல்லை. ஆனாலும் தனியாகப் படுத்திருக்கும்போது அவர் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இந்தச் சுவர் வெடித்தால் என் கதவைத் தட்டுகிறவருக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும் என்ற ஒரு நினைப்பில்தான் தூங்கிப்போகிறேன்.