இல்லாத மனுஷன் சகுஹே

நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு நிஜம். எங்கள் தெருப் பொதுக்குளியல் தொட்டியில், கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பொய் சொல்ல முடியுமா? முடியும். நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். வெந்நீரில் ஊறினால் விரல் சுருங்கும், கதை உப்பும். எங்காவது ரொம்ப உப்பலாகத் தெரிந்தால் பிழிந்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்குத் தொட்டியில் இருந்த கூரை ஓடு போடும் கின்ஜியிடமும் மீன்கடை தொகுசோவிடமும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதேதான்.

சகுஹே, ஓசாகாவில் கால்வாய்க்கரை கபுகி நாடகக் கொட்டகையில் கறுப்புத் துணிக்காரன். தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு, முகத்தின் முன்னால் கறுப்பு வலைத்துணி. நடிகன் உட்காரப்போனால் முக்காலி நீட்டுவான். கீழே விழுந்த வாளைப் பொறுக்குவான். செத்துப்போனவனைத் துணியால் மறைத்து உள்ளே நடத்திக்கொண்டு போவான். கறுப்பு போட்டவன் மேடையில் இல்லை என்பது ஏற்பாடு. ஆயிரம் பேர் கண்ணெதிரே குறுக்கே நடப்பான். ஆயிரம் பேரும் பார்க்கவில்லை என்பார்கள். எங்கள் வட்டார அதிகாரி சாக்கடையைப் பார்க்காத மாதிரி.

சகுஹே இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் அளவுக்கு மீறி நம்பிவிட்டான். டிராமில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால், "அட, நான் தெரியறேனா?" என்று திகைப்பான். அடுத்த வீட்டு ஊறுகாய்ப் பீப்பாயில் கைவிட்டு முள்ளங்கி எடுத்துக் கடித்துக்கொண்டே, வீட்டுக்காரருக்கு எதிரிலேயே மெதுவாக நடந்து வெளியே போவான். அவர் விளக்குமாற்றை எடுத்தால்தான் அவனுக்கு உருவம் திரும்பி வரும்.

அவன் மனைவி ஒஷிகே. அப்பா விட்டுப்போன தோஃபு கடையை நடத்துகிறவள். கடைக்குப் பெயர் மமேயா, அதாவது பயறுக்கடை. விடிவதற்குள் எழுந்து சோயா ஊறப்போட்டதை அரைப்பது ஒஷிகே, கொதிக்க வைப்பது ஒஷிகே, கட்டியாக்கி வெட்டுவது ஒஷிகே. வாசலில் யாராவது "மமேயா!" என்று கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்!" என்று உள்ளே படுத்தபடி குரல் கொடுப்பது சகுஹே. குரல் இவனுடையது, வருவது அவள்.

ஆனால் ஒரு வித்தையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஹினாகாவா இச்சியோ என்ற பெரிய நடிகர் அந்த மாதம் ஒரு அரண்மனைச் சீமாட்டியாக வேஷம் கட்டினார். வெள்ளைப் பட்டில் தலைகுனிந்து நிற்பாள் சீமாட்டி. பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்கும் சகுஹே, உடுப்பைத் தாங்கும் நூல்களை உருவுவான். கண்ணிமைப்பதற்குள் வெள்ளை கழன்று விழ, உள்ளேயிருந்து நெருப்புச் சிவப்பில் பேய் முறைத்துக்கொண்டு நிற்கும். மேடையோரத்தில் தாளத்துக்கு அடிக்கும் மரக்கட்டை 'டக்' என்று ஒலிக்கும். பிறகு ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்துக்குள், மேல்வரிசையில் இருக்கும் பழம் ரசிகர்கள் கடைப் பெயர் மாதிரி ஒலிக்கும் நடிகரின் பரம்பரைப் பட்டப்பெயரைக் கத்த வேண்டும்: "குமோயா!" ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் கத்தினவன் மானம் போய்விடும். எங்கள் ஊரில் கல்யாணம் முறிந்ததுகூட உண்டு, இதற்காக.

இச்சியோ லேசுப்பட்ட ஆள் இல்லை. நூல் உருவும்போது மூச்சு பலமாக விட்டான் என்று ஒருவனைத் துரத்தினார். மூச்சே விடவில்லை, பயமாக இருக்கிறது என்று இன்னொருவனைத் துரத்தினார். சகுஹேயிடம், "கடைசி நாள் வரைக்கும் ஒரு நூல் தப்பாம உருவு. அப்புறம் நீ என்னோட சொந்த ஆளு. தப்புச்சுன்னா கொட்டகைப் பக்கமே வராதே" என்றார். அன்றிலிருந்து சகுஹே தூக்கத்திலும் நூல் உருவினான். ஒஷிகேயின் மெத்தையில் தையலே மிச்சமில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒஷிகே ஒருநாள் நாடகம் பார்க்கப் போனாள். திரும்பி வந்ததும் அவன் ஓடிவந்து கேட்டான்.

"என்னைப் பார்த்தியா?"

"எங்கே பார்க்கறது? கறுப்பா ரெண்டு மூட்டை நகர்ந்துச்சு. எது நீ, எது சாமான்னு தெரியல."

"அடி என் தங்கமே! இதைவிடப் பெரிய பாராட்டு எவன் குடுப்பான்?"

"பாராட்டு இல்லைய்யா. ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருஷனைப் பார்க்கறா. எனக்கு வீட்லயும் தெரியல, மேடையிலயும் தெரியல."

பெண்கள் பக்கத்துத் தொட்டியில் அவள் இதைச் சொல்லி அழுதது, நடுச்சுவருக்கு மேலே வழிந்து எங்கள் பக்கம் விழுந்தது. தெருவுக்கு ரோஷம் வந்தது. சகுஹேயைப் பார்த்தே தீருவது என்று கடைசி நாள் ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் மேல்வரிசையைப் பிடித்தோம். ஒஷிகே நடுவில். சோற்றுப் பெட்டி, அவித்த முட்டை, அரிசி மது எல்லாம் இருந்தது. நாடகம் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை.

சீமாட்டி தலைகுனிந்தாள். நூல் ஒரு பக்கம் உருவியாயிற்று. மறுபக்கத்து நூல் அவன் கையில் இருக்கும்போதே கட்டை 'டக்' என்றது. மௌனம். பழம் ரசிகர்கள் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்கள். அதற்குள் எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"மமேயா!"

மேடையில், இல்லாத மனுஷன் பளிச்சென்று தலையைத் தூக்கினான்.

"இதோ வந்துட்டேன்! பச்சையா, பொரிச்சதா?"

கையிலிருந்த நூல் நழுவியது. வலது பாதி சிவப்புப் பேய், இடது பாதி வெள்ளைச் சீமாட்டி. பேய் முறைத்தது, சீமாட்டி வெட்கப்பட்டாள், இரண்டும் ஒரே முகத்தில். சிரிப்பில் கொட்டகை ஆடி, கால்வாயில் கட்டியிருந்த படகுகள் அவிழ்ந்து கோபே துறைமுகம் வரைக்கும் போயின. இந்த இடத்தைப் பிழிந்துகொள்ளலாம்.

உள்ளே வேஷ அறையில் நடந்ததை சகுஹேயே சொன்னான்.

"மேடையில பேசினது எவன்டா?" என்றாராம் இச்சியோ.

"ஐயா, அங்க யாருமே இல்லையே. கறுப்பு போட்டவன் இல்லாதவன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இச்சியோ பவுடரைத் துடைத்துக்கொண்டே யோசித்தாராம்.

"வாஸ்தவம். இல்லாதவனைத் திட்ட முடியாது. அப்ப நாளையிலேர்ந்தும் அவன் இல்லாமலே இருக்கட்டும். உடுப்பைக் கழட்டி மடிச்சு வச்சுட்டுப் போ."

இப்போது சகுஹே விடியற்காலையில் ஒஷிகேயின் பக்கத்தில் நின்று சோயா அரைக்கிறான். எல்லோருக்கும் நன்றாகவே தெரிகிறான். பாதிப் பேருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னைக்குக் கத்தினது கின்ஜிதானே?" என்றேன்.

"யோவ், நாக்கை அடக்கிப் பேசு! ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கற பாவத்தை எந்தலையில கட்டாதே. தொகுசோதான்யா."

"எம் வாயில முட்டை இருந்துச்சு அண்ணே! முட்டையை வச்சுக்கிட்டு எவனாவது கத்துவானா?"

"சரி விடுங்கப்பா" என்றேன் நான். "யாரா இருந்தா என்ன? ஆனா பக்கத்துல இருந்த ஒரு பழம் ரசிகர் எங்கிட்ட சொன்னாரு. கத்தின பேருதான் தப்பு, நேரம் அப்படியே தங்கம். கட்டைக்கும் மூச்சுக்கும் நடுவுல அவ்வளவு கச்சிதமா விழுந்த குரலை அவர் ஆயுசுல கேட்டதில்லையாம்."

கின்ஜி ஈரத் துண்டைப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டான்.

"அது... நான்தான்யா கத்தினேன்" என்றான் கின்ஜி.

"என்னது? கூரை மேல கத்திக் கத்திக் கிழிஞ்ச தொண்டை உன்னுது. எங்குரல்யா அது!"

"இப்பதானே வாயில முட்டைன்னே?"

"முழுங்கிட்டுக் கத்தினேன்!"

நடுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒஷிகேயின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க! எம் புருஷன் ஒரு தடவையாவது எம் பக்கம் திரும்பட்டும்னு நான்தான் கத்தினேன்!"

"பொம்பளை கத்தினா அது கணக்கே இல்லம்மா!" என்று கின்ஜி எழுந்து நின்றான். அவ்வளவுதான். சுவருக்கு மேலே ஒரு மரவாளி பறந்து வந்து தொகுசோவின் தலையில் இறங்கியது. தொகுசோ அதைத் தூக்கிக் கின்ஜியை அடித்தான்.