ரோசம்மாளுக்காக ஜெபித்த சபை

போன வாரம் குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சலோமி அக்காவின் தம்பி சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, திருப்பதியில் எங்கள் வாசலில் வந்து நின்றார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், "கடைசி வரைக்கும் மெட்ராஸ்லேர்ந்து தபால் வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாங்கம்மா" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

சித்தூர் சபையாராகிய உங்களில் அக்காவை அறியாதவர் இல்லை. நான் திருப்பதிக்கு வரும்வரை சித்தூர் பெண்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர். என் நாவலை முதலில் படித்தவரும் அவர்தான். தாளின் ஒரு பக்கம் மட்டும், இடம் விட்டு, நான் நகலெடுக்க எடுக்க, மை காயுமுன் வாங்கிப் படிப்பார். அடிக்கிற புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வெளியேறுகிறாள் என் கதாநாயகி ரோசம்மாள். அந்த இடத்தில் பக்கம் பக்கமாக அழவைத்திருந்தேன். "அழுதது போதும். கொழந்த என்னா துன்னுச்சி?" என்று கேட்டார் அக்கா. அரைப்படி பொரியும் வெல்லமும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டதாக நான் எழுதிய பிறகுதான் அவளைப் போக விட்டார்.

மதராஸ் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார். இப்படி ஒருத்தி இருப்பாள் என்று வாசகர்கள் நம்பமாட்டார்களாம். கடைசி அத்தியாயத்தில் அவளைப் புருஷனிடம் சேர்த்துவிட்டால் அச்சிடத் தயாராம். என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசையில், சேர்த்துவிடலாம் என்றே நினைத்தேன். இப்படி ஒரு கதை ஏன் எழுதினாய் என்று கேட்கும் மாமியாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள். அக்காவிடம் சொன்னேன்.

"அவரு புஸ்தகம் போட, இவ அடி துன்னணுமா?" என்றார்.

அந்த ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும். காணிக்கைப் பையில் வரும் ஜெப விண்ணப்பங்களைப் போதகர் ஐயர் வழக்கம்போல வாசித்தார். "புருஷனுடைய கொடுமை தாங்காமல் வீட்டை விட்டுப் போன ரோசம்மாளை யாரும் திருப்பி அனுப்பாதபடிக்கு" என்று ஒன்று வந்தது. எழுதிப் போட்டது அக்கா. சபை முழுவதும் ஆமென் சொன்னது. நான் குழந்தையைக் கிள்ளி அழவைத்து வெளியே ஓடினேன்.

விவரம் என்னிடம் கேட்கும்படி அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறுநாளே சபை மூப்பர் வந்து, புருஷன் எந்த ஊர் என்று விசாரித்தார். கதையில் உள்ளபடி வடமாலபேட்டை என்று உளறிவிட்டேன். "நெனச்சேன். அவன எனக்குத் தெரியும்" என்று கோபமாகக் கிளம்பியவரைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சந்தைப்பேட்டை மரியம்மா அரிசியும் ஒரு புடவையும் கொண்டுவந்தார். பயந்துகொண்டே, ரோசம்மாள் கதையில் வருகிறவள் என்று சொன்னேன். அவர் அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். புடவையை எடுக்கவில்லை. "கதையா இருந்தா இன்னா? அவள அனுப்பிடாத டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி அத்தியாயத்தைத் தொடாமல் வேறு இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டும் திரும்பின. அக்காவை அடக்கம் செய்த மறுநாள், அந்த மதராஸ் பதிப்பாளரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. முடிவை மாற்றியாயிற்றா, கிறிஸ்துமஸுக்குள் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தை. நேற்றுப் பதில் போட்டேன்: "ஐயா, ரோசம்மாளை அனுப்புவதற்கில்லை. எங்கள் சபையார் சம்மதிக்கமாட்டார்கள்."