சனிக்கிழமை எண்ணெய்

செண்பகனூரில் என் கடைக்கு எதிர்வீடு இராசாத்தியக்காவுடையது. கடைக்கு வந்தாலும் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். வந்து நிற்பார். “அரிசியாக்கா? பருப்பா?” என்று நானாக ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வரும். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

காரணம் பிறகுதான் தெரிந்தது. சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர் அவர். கல்யாணமான அவருடைய அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு “நீயும் வா” என்று கதறினாராம். அக்கா வரவில்லை. அதன் பிறகு இராசாத்தியக்கா யாரையும் வா என்றோ இரு என்றோ, எதையும் தா என்றோ கேட்டதில்லை.

கூலி வேலைக்குப் போய் ஒற்றை மகன் ராஜ்மோகனை வளர்த்தார். சனிக்கிழமை தவறாமல் அவன் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார். கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. மீசை வைத்த ஆள் அம்மா முன்னால் எண்ணெய் வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாங்கள் கேலி செய்வோம். இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

மருமகள் சத்தியபிரியாவும் அவன் சைக்கிளும்தான் மிச்சம். பிள்ளை குட்டி இல்லை.

அவன் போன பிறகும் இராசாத்தியக்கா என்னிடம் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். தலைக்கு என்று நினைத்திருந்தேன். சைக்கிள் செயினுக்காம். எங்கள் மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்துவிடும். அடுப்போரம் வைத்து உருக்கி, சனிக்கிழமைதோறும் செயின் முழுக்க ஊற்றியிருக்கிறார். செயினுக்கு எண்ணெய் போட்டால் துருப்பிடிக்காது என்று மகன் சொல்லியிருந்தான். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை.

போன மார்கழியில் பிரியாவுக்கு ஒரு விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்தது. விடியுமுன் அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே அதற்கப்புறம்தான் வரும். தாண்டிக்குடியிலிருக்கும் அவள் அண்ணன் மகேந்திரன், சனிக்கிழமை ஜீப்போடு வருவதாகவும் வேலைக்குப் போக வழியில்லையென்றால் அவள் ஏறிப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்றும் முடிவாகச் சொல்லிவிட்டான். “சைக்கிள் இருக்குண்ணே” என்றாள் பிரியா.

சனிக்கிழமை காலையில் சைக்கிளை வெளியே எடுத்தாள். பெடல் அசையவில்லை. செயின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உறைந்த எண்ணெயும் தூசியும் கலந்து கண்ணிக்குக் கண்ணி அப்பிக்கிடந்தது.

“வாராவாரம் ஊத்துனேனே புள்ள,” என்றார் அக்கா. “நான்தான் கெடுத்துப்புட்டேனா?”

பிரியா என் கடைக்கு வந்தாள். என்னிடம் மண்ணெண்ணெய் வாங்கி ஒரு பேசினில் ஊற்றினாள். செயினைக் கழற்றி ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தாள். சக்கரப் பல்லில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் சுரண்டினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை சனிக்கிழமையும் அதில் கரைந்து கறுப்பாகிக்கொண்டிருந்தது.

துடைத்து, வெயிலில் காயவைத்து, செயினை மாட்டினாள். தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, பெடலைச் சுற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். “அதிகமா விட்டா தூசிதான் ஒட்டும் அத்தே” என்று மெதுவாகச் சொன்னாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

பிரியா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “வண்டி ஓடிரும் அத்தே. நான் இங்கனயே இருக்கவா, அண்ணன்கூடப் போகவா?”

அக்கா அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. இரு என்று ஒரு வார்த்தை, அதைச் சொன்னால்தான் என்ன? பிரியா கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

அக்கா வெளியே வந்தார். கையில் அடுப்போரம் உருக்கிய எண்ணெய் பாட்டில்.

“உக்காரு” என்றார்.

பிரியா படியில் உட்கார்ந்தாள். அக்கா அவள் உச்சியில் வழிய வழிய எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். பெண்கள் எண்ணெய் தேய்க்கும் நாள் வெள்ளிக்கிழமை. அதை அக்காவிடம் யார் சொல்வது?

மகேந்திரன் ஜீப்பை விட்டு இறங்கி வந்து, “கெளம்பலையா நீயி?” என்றான். பிரியா தலையைத் தூக்கப் பார்த்தாள். அக்காவின் கை விடவில்லை.

“தலைக்கு எண்ணெ வச்சிருக்கேன் தம்பி. எண்ணெ தேச்ச அன்னைக்குப் பயணம் போகக் கூடாது.”

“சரிங்கத்தே. அப்ப நாளைக்கு வெள்ளனே வாரேன்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நாளைக்கும் வைப்பேன்” என்றார்.