குமிழிடம் சொன்னது

எங்கள் முதல் வீட்டுக்கு நாலு சக்கரம் இருந்தது. உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய வேன் அது. பட்டாளத்தில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் அதை எடுத்து, பின்பக்கம் ஆசாரியை வைத்து மரத்தில் கூடு கட்டினார். உள்ளே ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் துணி மூட்டைகள், ஒரு மூலையில் பம்ப் ஸ்டவ், ஒரு குடம், ஒரு கண்ணாடி. வடசேரியில் நெய்த வேட்டியும் துவர்த்துத் துண்டும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். சுசீந்திரம் தேர், மண்டைக்காட்டுக் கொடை, மீன்பாடு நன்றாக இருந்தால் கடியப்பட்டணம். எந்த ஊரில் வியாபாரமோ அந்த ஊரில்தான் சமையலும் படுக்கையும்.

வேனின் பின்கதவில் ஒரு பித்தளைக் குமிழ். ஏதோ பழைய பங்களாவைப் பிரித்தபோது கிடைத்தது என்று ஆசாரி கொண்டுவந்து வைத்தார். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்க்க நடுவில் கதவைத் துளைத்துப் போகிற ஒரு சதுரக் கம்பி. பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் பங்களாக் கதவின் கனத்துக்குச் செய்த கம்பி எங்கள் மெல்லிய பலகைக்குப் பொருந்துமா? முதல் நாளிலிருந்தே ஆடியது. வண்டி ஓடினால் கடகட. வண்டி நின்றால் காற்றுக்குக் கிடுகிடு. தூக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எத்தனையோ முறை எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அதைத் திட்டிக்கொண்டே இருப்பேன். குமிழைத்தான், அவரை அல்ல. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பெண்பிள்ளைகள் புருஷனிடம் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். உப்புத் தீர்ந்தால் உப்புப் போட்டு வைக்கிற மரவையிடம் சொல்ல வேண்டும். 'ஒன் வயிறு காலியாக் கெடக்கு, நீ என்ன செய்வ பாவம்' என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னால் சாயங்காலம் உப்பு வந்துவிடும். சேலை கிழிந்தால் ஊசியிடம் பேச வேண்டும். சாடை என்று சொல்வார்கள். என் அம்மா சாடையில் ஒரு குடும்பத்தையே நடத்தினாள். எனக்கும் அது நன்றாகக் கைவந்திருந்தது.

அவரோ சாடை புரிவதில் கெட்டிக்காரர். அதிலும் ஒரு குணம் உண்டு: சொன்னதற்கு மேலே ஒரு படி ஏறித்தான் புரிந்துகொள்வார். விளக்குத் திரி குட்டையாகிவிட்டது என்று விளக்கிடம் சொன்னால் திரியோடு எண்ணெயும் வரும். குடம் கனக்கிறது என்று குடத்திடம் சொன்னேன். மறுநாள் முதல் தண்ணீரே அவர்தான் எடுத்தார். ஊரில் எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வண்டி வாழ்க்கை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எப்படிச் சொல்ல. பதினாறு பேர் சாப்பிடுகிற அடுக்களையிலிருந்து வந்தவள் நான். அங்கே நான் வடித்த சோற்றை நான் சூடாகத் தின்றதில்லை. இங்கே இரண்டே பேர். கடற்கரையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். துணி வாங்க வருகிற பெண்கள் என்னை 'வண்டிக்காரி' என்பார்கள். அவருடைய அக்காவுக்கு அது பொறுக்காது. பார்க்கும்போதெல்லாம், "பெண்ணாப் பொறந்தவ மண்ணுல கால் ஊண்டி இருக்காண்டாமா? எத்தன நாளைக்கு இந்தக் குறவன் பொழப்பு?" என்று தம்பியிடம் கேட்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். நானும் சொன்னதில்லை. அந்த மதினிக்கு முன்னால் வாய் திறக்கிற வழக்கமில்லை. எனக்கு இந்த வண்டி போதும் என்பதை மட்டும் சாடையில் சொல்லத் தோன்றவே இல்லை. இல்லாததைக் கேட்கத்தானே சாடை. இருப்பது போதும் என்பதை எந்தப் பானையிடம் போய்ச் சொல்வது?

குமிழுக்கு நானே வைத்தியம் செய்து பார்த்தேன். கம்பியில் நூல் சுற்றினேன். திருகாணித் துளையில் தீக்குச்சி செருகினேன். துணிக்கிழிசலால் கழுத்தைக் கட்டினேன். இரண்டு நாள் வாயை மூடும். மூன்றாம் நாள் தக்கலை ரோட்டுப் பள்ளம் ஒன்றில் இறங்கினால் எல்லாம் உதிர்ந்துவிடும். அவரும் அவ்வப்போது திருப்புளியால் ஒரு முறுக்கு முறுக்குவார். "பாத்துக்கிடலாம்" என்பார்.

அப்படி இருக்கையில் கடியப்பட்டணத்தில் ஒரு மத்தியானம் கடலிலிருந்து மழையும் காற்றுமாக ஏறி வந்தது. கதவைச் சாத்த நான் ஓடினேன். இழுத்த இழுப்பில் குமிழ் கையோடு வந்துவிட்டது. கதவு படாரென்று திறந்து பலகையில் அடித்தது. புதிதாக இறக்கிய வேட்டி மூட்டை முழுக்க நனைந்தது. அவர் நனைந்துகொண்டே வந்து கதவைக் கயிற்றால் கட்டினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையிலிருந்த குமிழைப் பார்த்து, "ஒரு கதவு நேரா நிக்காத இதுவும் ஒரு வீடாக்கும்? மண்ணுல நாலு சுவரு இருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?" என்றேன்.

ஆத்திரத்தில் வருகிற பேச்சுதான். அடுப்பு புகைந்தால் 'எரிஞ்சு போ' என்று சொல்வதில்லையா? சொல்லிவிட்டு நான் வேட்டிகளைப் பிழிய உட்கார்ந்துவிட்டேன். நான் கீழே வைத்த குமிழை அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒப்புக்குக் கம்பியில் மாட்டி வைத்தார். மழை விட்ட பிறகு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் நாகர்கோவிலுக்குப் போய்ப் போய் வந்தார். துணிக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலையில், கன்னியாகுமரியில் ஒரு பூவரசு நிழலில் வண்டி நிற்கிறது, அவர் திருப்புளியும் அரமும் எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு குமிழையும் கழற்றினார். தகட்டைக் கழற்றி, தளர்ந்து போன திருகாணித் துளைகளில் மூங்கில் ஆப்பு அடித்து, நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவிவிட்டார். ஆணியைக் காய்ச்சி அந்த ஆப்பிலேயே புதுத் துளை போட்டார். குமிழின் கழுத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அது கம்பியைப் பிடிக்காமல் வழுக்குவதுதான் நோய் என்றார். கம்பியில் அது உட்காருகிற இடத்தை அரத்தால் ராவிப் பள்ளம் எடுத்தார். பிறகு எழுந்து போய், பெட்டியிலிருந்து அவருடைய பட்டாளத்து பூட்ஸை எடுத்து வந்தார். அந்த பூட்ஸைத் துடைக்க என்னைக்கூட விடமாட்டார். அதன் நாக்கை வெட்டி, வட்டமாக இரண்டு தோல் துண்டு எடுத்து, கதவுக்கும் குமிழுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வைத்து இறுக்கினார். பூட்ஸை வெட்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் சந்தோஷம்தான்.

குமிழைத் திருகிப் பார்த்தேன். கட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இப்பம் நீ மனுசனாட்டு இருக்க" என்று அதனிடம் சொன்னேன். அவர் லேசாகச் சிரித்தார். அன்றைக்கு நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நாகர்கோவிலுக்குத் திரும்புகிற வழி முழுக்க வண்டியில் சத்தமே இல்லை. இனி இந்த வண்டியிலேயே கிழவியாகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோட்டாற்றில் ஒரு வீட்டு முன்னால் வண்டி நின்றது. அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் இன்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குமிழைப் பிடித்துத் திருகினார். திறந்து, சாத்தி, மறுபடி திருகினார். "செரி, இதொண்ணுதான் கொறையா இருந்துது" என்றார்.

வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "ஏட்டி, சாமானை எறக்கு. வண்டியை இவருக்குக் குடுத்தாச்சு. இதுதான் இனி நம்ம வீடு. நாலு சுவரும் மண்ணுலதான் நிக்கி."

அவர் முகத்தைப் பார்த்தேன். திரியோடு எண்ணெயும் வாங்கி வந்த நாளில் இருந்த அதே முகம். அந்நிய ஆண் ஒருத்தர் பக்கத்தில் நிற்கிறார், வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் நான் என்ன சொல்ல முடியும்? ஸ்டவ்வையும் குடத்தையும் இறக்கினேன். கண்ணாடியைச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சரி செய்திருந்தார்.

வீடு நல்ல வீடு. முன்னறையில் துணிக்கடை போட்டோம். மதினி வந்து பார்த்து, இப்போதுதான் நிம்மதி என்றாள். எனக்கு மட்டும் ஜன்னலைத் திறந்தால் தினமும் அதே சுவர் தெரிவது பழகவில்லை. அவர் கடைக்குள் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். லாரி ஏதாவது போனால் கியர் மாற்றுகிற சத்தத்துக்குத் தலை தானாகத் திரும்பும். வியாபாரக் கவலை என்று நினைத்தேன். நானாக ஒன்றும் கேட்கவில்லை.

நம் தாலுக்காக்கள் ராஜ்யம் மாறி மதராசோடு சேரப் போகின்றன என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சாகக் கிடந்த ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசுகிற காற்றுக்கு எங்கள் அடுக்களைப் பின்கதவின் கொண்டி தளர்ந்து ஆட ஆரம்பித்தது. கடகட, கிடுகிடு. நான் அதை ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் அந்தச் சத்தம் துணைக்கு இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அவர் சாப்பிட வரும்போதெல்லாம் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு மத்தியானம் அவராகவே கேட்டார்.

"கொண்டி கெடந்து ஆடுகே. நீ அதை ஒண்ணும் ஏசல்லியே?"

"ஆடட்டும்" என்றேன். "கேக்க நல்லாத்தான் இருக்கு."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "வண்டியில இந்தச் சத்தம் பொறுக்காமத்தானே மண்ணுல வீடு வேணும்னு சொன்ன?"

"குமிழு ஆடுகுன்னுதான் சொன்னேன். வண்டி வேண்டாம்னு நான் எப்பம் சொன்னேன்?"

அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார். பின்கதவுப் பக்கம் போனார். திருப்புளியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை. கொண்டியின் மேல் கையை வைத்து அழுத்தினார், சத்தம் நின்றது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எனக்கும் விக்க மனசே இல்ல, கேட்டியா" என்று அந்தக் கதவிடம் சொன்னார்.